பாறையடிக்காரர்கள் வளர்த்த பயங்கள்

வேடியப்பன் பாறையின் உச்சியிலிருந்து முதல் ஆள் காலில் ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதித்த சனிக்கிழமை காலையில், நேர் கீழே பாறையடி கிராமத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் குதித்தவனிடமிருந்து கழன்று விழுந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் பதினான்கு பேர் இருந்தார்கள். பிற்பாடு யாரும் அதைப் புளுகு என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று.

மேலே மேடையில் நின்று அவனுக்குப் பட்டை கட்டிவிட்டவள் மாதம்மாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. சொந்த ஊர் அதே பாறையடிதான், ஆனால் பதினோரு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பியவள். கணவன் கோவிந்தன் போர் போடும் லாரியில் வேலை செய்தான். அந்த லாரி ராஜஸ்தானிலோ சத்தீஸ்கரிலோ எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருக்கும், அவன் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மட்டும் வந்து சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சாமுவேல் அந்தப் பாறையில் சாகச விளையாட்டு மையம் ஆரம்பித்தபோது, பட்டைகளைச் சோதிக்க மிஷினோடு வந்த ஆள் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, மேடை கூட்ட வந்திருந்த மாதம்மாள் ஒரு பட்டையின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து, "சார், இந்த எடத்துல நூலு விட்டிருக்குதுங்க" என்றாள். விட்டிருந்தது. அன்றிலிருந்து அவள் விரல் படாமல் ஒருவரும் அந்த மேடையிலிருந்து குதிக்கக் கூடாது என்று சாமுவேல் சொல்லிவிட்டார்.

முதலில் குதிக்க வந்தவன் பெயர் இளஞ்சேரன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கூட வந்த நண்பர்கள் ஐந்து பேரும் படியேறும்போதே கால் வலி, வயிற்று வலி என்று பின்தங்கிவிட, இவன் ஒருவன்தான் மேடைவரை வந்து சேர்ந்திருந்தான். அவன் முழங்கால் ஆடிய ஆட்டத்தில் கணுக்கால் பட்டையின் இரும்பு வளையம் சலங்கை மாதிரி குலுங்கிற்று.

"வேணாம்னா எறங்கிடுங்க சார். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள் மாதம்மாள்.

"கீழ என்னக்கா இருக்கு?"

"மரவள்ளிக் காடு."

"அதுக்குக் கீழ?"

"அதுக்குக் கீழ கெழங்குதான் சார்."

அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அம்மா என்று ஒருமுறையும் வேறு யாருடைய பெயரையோ ஒருமுறையும் சொல்லிவிட்டு விழுந்தான். கயிறு நீண்டு நீண்டு, இதற்கு மேல் நீளாது என்ற இடத்துக்கு வந்து அவனை மேலே சுண்டியபோது, அவனிடமிருந்து ஏதோ ஒன்று கழன்று, அவன் மேலே போக, அது மட்டும் கீழே போயிற்று. மோட்டார் போட்டு இழுத்து மேடைக்குக் கொண்டுவந்தால் அவன் முகம் அலம்பி வைத்த தட்டு மாதிரி இருந்தது. "டீ கிடைக்குமாக்கா?" என்று கேட்டான்.

விழுந்தது காவேரியம்மாவின் மரவள்ளிக் காட்டில். முயல் அளவு இருந்தது. ரோமம் கிடையாது, புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சின் தோல். கண் இருந்தது, இமை இல்லை. கால் நான்கு என்று சிலர் சொன்னார்கள், ஆறு என்று சிலர் சொன்னார்கள். அது ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்ததால் எண்ணி முடிக்க ஒருவராலும் ஆகவில்லை. அடிபட்டிருக்குமோ என்று காவேரியம்மா தொட்டுப் பார்த்தாள், தொட்டவள் கையை எடுக்காமலே, "ஓசூர்ல ஒரு லிப்ட்டு இருக்குது, நாலாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல கரண்டு போயிருது... சின்ன வயசுல ஒரு நாயி தொடையில கடிக்குது... ஒரு பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது" என்று கோர்ட்டில் வாக்குமூலம் கொடுப்பவள் போலச் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இது அந்தத் தம்பியோட பயம்" என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் நஞ்சப்பன் வந்து பார்த்தார். "உசுரு இருக்குதுன்னா மாட்டு டாக்டரு, உசுரு இல்லன்னா போலீஸ் ஸ்டேஷன். மொதல்ல அத முடிவு பண்ணுங்க" என்றார். உயிர் இருப்பதாக முடிவாயிற்று. மாட்டு டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, இதயம் இல்லை, துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு நூற்றுத் தொண்ணூறு இருக்கிறது, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். உடையவனிடம் ஒப்படைப்பதுதான் முறை என்பதால், மாதம்மாள் மையத்து நோட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். "எனக்கு எதுவும் தொலையலையேக்கா" என்றான் இளஞ்சேரன் உற்சாகமாக. பின்னால் காற்றும் லாரி ஹாரனும் கேட்டன. ஒரு கையால் பைக் ஓட்டிக்கொண்டு பேசினான் போலிருக்கிறது. ஆளைத் தெரிந்தவள் அவள்தான் என்பதால் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று ஊர் சொல்ல, அவள் அதைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஓசூரிலிருந்து வந்ததால் அதற்கு ஓசூரான் என்று பெயர் வந்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து வரிசையில் நின்று குதித்தார்கள், குதித்தவர்களின் பயங்கள் ஆலங்கட்டி மழை போலப் பாறையடியில் விழுந்தன; திங்கட்கிழமை விடிந்ததும் ஜனங்கள் கூடையை எடுத்துக்கொண்டு புளியம்பழம் பொறுக்கப் போவது மாதிரி போய்ப் பொறுக்கி வந்தார்கள். கைவிட்டுவிட மனம் வரவில்லை, அவ்வளவு நடுங்கின. எது எதற்குப் பயந்தது என்பதைத் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்: பல்லி, ஊசி, இடி, கணக்குப் பரீட்சை, மேனேஜர், மாமியார். அவை சோறு தின்னவில்லை, ஆனால் சோறு வைக்காவிட்டால் பயந்தன. அதனால் வேளா வேளைக்கு ஒரு கிண்ணம் வைத்து, காய்ந்ததும் எடுத்துக் கோழிக்குப் போட்டார்கள்.

வைத்துப் பார்த்ததில் உபயோகமும் தெரிந்தது. மின்சாரத்துக்குப் பயந்த ஒன்றை மோட்டார் கொட்டகையில் கட்டி வைத்தால், ஒயர் தோல் உரிந்த அன்றே அது ஊளையிட்டது. பாம்புக்குப் பயந்தவற்றை வரப்போரம் விட்டார்கள், அந்த வருடம் ஊரில் ஒருவரைக்கூடப் பாம்பு தீண்டவில்லை. தண்ணீருக்குப் பயந்த ஒன்று கிணற்றடியிலேயே கிடந்தது, குழந்தைகள் எட்டிப் பார்த்தால் பாவாடையைப் பிடித்து இழுத்தது. டவுன் பஸ் டிரைவர் வளைவுகளுக்குப் பயந்த ஒன்றைக் கேட்டு வாங்கிப் போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். மேனேஜர் என்ற பயம்தான் எதற்கும் ஆகாதது என்று பஞ்சாயத்து ஆபீஸில் விட்டார்கள். மேஜைக்கு அடியில் பதுங்கிக்கொண்டு வாசலையே அது பார்த்த பார்வையில், அங்கே வேலை செய்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பத்து மணிக்கே வர ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள், வீட்டில் மாடு எத்தனை என்று கேட்பதோடு, பயம் எத்தனை என்றும் கேட்டார்கள். திருவிழாவில் வாணவேடிக்கை வேண்டாம், பாவம் இவை தாங்காது என்று ஊர் கூடி முடிவெடுத்தபோது பூசாரி பூக்கட்டிப் பார்த்தார். பாறைச் சாமி வேடியப்பனுக்கு ஆட்சேபணை இல்லை என்று வந்தது.

மேலே மையத்தில், குதிக்குமுன் கையெழுத்து வாங்கும் தாளில் சாமுவேல் ஒரு வரி சேர்த்தார்: குதிக்கும்போது தவறும் பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

மாதம்மாள் வீட்டில் ஓசூரான் பகலெல்லாம் ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் இருந்தது, விளக்கு வைத்ததும் அவள் காலடியில் வந்து ஒண்டிக்கொண்டது. ஆள் இல்லாத வீட்டில் ஒரு நடுக்கமாவது இருக்கிறதே என்று அவளுக்கும் பழகிவிட்டது. அவள் அடுப்புப் பற்ற வைத்தால் அது பயப்படும், "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்பாள். கோவிந்தன் போனில் பேசினால் பயப்படும், "அது உங்க மாமன்தான், சும்மா இரு" என்பாள். அப்படி ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது ஒண்ணுமில்லை என்று சொல்லிச் சொல்லி, அவள் குரலே பழையதைவிட மெதுவாகிவிட்டதாகக் காவேரியம்மா சொன்னாள்.

குதித்தவர்களுக்கு ஒரு குறை வந்தது. முதல் குதிப்பின் கிளர்ச்சியை மறக்க முடியாமல் இரண்டாம் முறை வந்தவர்கள், மேலே வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்கள். தூளியில் ஆட்டுவது மாதிரி இருக்கிறது, இதற்கா இவ்வளவு படி ஏறி வந்தோம் என்றார்கள். சாமுவேல் கயிற்றை இருபது அடி நீளமாக்கிப் பார்த்தார். அப்போதும் தூளிதான் என்றார்கள். சிலர் குதித்து முடித்துத் தங்கள் பயத்தைப் பார்க்கப் பாறையடிக்கு வந்தார்கள். தமயந்தி என்று ஒரு கல்லூரி ஆசிரியை வந்தாள், அவளுடையது கன்றுக்குட்டி அளவு இருந்தது, டீக்கடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். தொட்டுப் பார்த்த டீக்கடைக்காரர் அது அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேருக்கும் பயந்த பயம் என்று சங்கடத்தோடு சொன்னார். அவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இத்தனை வருஷமா இதையா தூக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள். மார்கழி வருகிறதே, குளிருமே என்று தன் சால்வையை எடுத்து அதற்குப் போர்த்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டாள். அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகை அனுப்பினாள். மாப்பிள்ளை பெயர் வேறு மதத்துப் பெயராக இருந்ததைப் பார்த்ததும், அண்ணன்மார் ஏன் தாம்தூம் என்று குதித்திருப்பார்கள் என்று டீக்கடைக்காரருக்குப் புரிந்தது.

இளஞ்சேரன் மட்டும் இரண்டு முறையோடு நிற்கவில்லை. ஏழு முறை வந்தான். ஒவ்வொரு முறையும் பட்டை கட்டும்போது மாதம்மாள் விரலில் அவன் கணுக்கால் நாடி தட்டும், அது பூசணிக்காய்க் கொடி மாதிரி நிதானமாக இருக்கும். "மொத தடவ கெடைச்சது திரும்பக் கெடைக்கவே இல்லக்கா" என்பான், குதிப்பான், மேலே வருவான், ஊஞ்சல் பலகையிலிருந்து இறங்குகிறவன் போல இறங்கிப் போவான். அவன் குதிக்கும் நேரத்தில் கீழே வீட்டில் ஓசூரான் ஆட்டுக்கல்லைக் கட்டிக்கொண்டு அலறுவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மையத்துக்கு விடுமுறையான ஒரு செவ்வாய்க்கிழமை, மாதம்மாள் வீட்டில் இருந்தபோதே, மாலை நாலு மணிக்கு அது திடீரென்று எழுந்து நின்று, அதுவரை அவள் கேட்டிராத ஒரு சத்தம் போட்டுவிட்டு மயங்கி விழுந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பினாள். காரணம் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண், இரண்டு பஸ் மாறி, நாலு வயதுக் குழந்தையோடு பாறையடியில் வந்து இறங்கினாள். குழந்தையின் இடது கையில் முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. மாவுக்கட்டில் யாரோ பேனாவால் பூ வரைந்திருந்தார்கள்.

"இங்க மாதம்மாக்கா யாருங்க? எம்பேரு பூரணி. இளஞ்சேரன் வீட்டுக்காரி."

மாதம்மாள் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். பூரணி குடிக்கவில்லை.

"அவரு கெட்டவரு இல்லக்கா. அதச் சொல்லிடறேன் மொதல்ல. குடி கிடையாது, கை நீட்டறது கிடையாது. பாப்பான்னா உசுரு. முன்னெல்லாம் பாப்பாவுக்குத் தும்மல் வந்தா ராத்திரி பூரா முழிச்சு மூக்குல கை வச்சு வச்சுப் பாப்பாரு. இப்ப..." அவள் குழந்தையைப் பார்த்தாள், குழந்தை கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "நான் வேலை முடிஞ்சு வரேன், மொட்டை மாடியில ரெண்டு பேரும். அந்தக் கைப்பிடிச் சுவரு இருக்குதுல்ல, ஒரு சாண் அகலம், அதுமேல பாப்பா நடந்து வருது. அந்தக் கோடியில இவரு நின்னு கைதட்டறாரு. வா கண்ணு, வா கண்ணு, சூப்பர்ங்கறாரு. நான் கத்தல. கத்துனா விழுந்துருமேன்னு வாயப் பொத்திக்கிட்டேன். ஆனாலும் விழுந்துருச்சு. மூணாவது மாடி சன்ஷேடுல விழுந்ததால கையோட போச்சு."

"என்னிக்கு?"

"போன வாரம். செவ்வாக்கெழம. நாலு மணி இருக்கும்."

மாதம்மாள் எழுந்து போய் ஆட்டுக்கல்லுக்குப் பின்னாலிருந்து ஓசூரானை எடுத்து வந்தாள். அது யாரிடமும் போகாதது, குழந்தையின் மடியில் ஏறி, மாவுக்கட்டை முகர்ந்து, அதன்மேல் தன் முழு உடம்பையும் விரித்துப் படுத்துக்கொண்டு நடுங்கிற்று. குழந்தை, "இது அப்பா" என்றது. பிறகு, "பழைய அப்பா" என்று திருத்திக்கொண்டது.

ஒரு வருடமாகக் காலடியில் கிடந்த நடுக்கத்தைக் கொடுத்துவிடத்தான் வேண்டும் என்று மாதம்மாளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கூடையில் வைக்கும்போது கொஞ்சம் தாமதித்தாள், தூக்கக் கலக்கத்தில் அடுப்புப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள், கரண்டு போனால் பக்கத்தில் பேச்சுக்குரல் இருக்க வேண்டும் என்று நாலைந்து விஷயம் சொன்னாள். பூரணி கூடையோடு போனாள். வியாழக்கிழமை அதே கூடையோடு திரும்பி வந்தாள். இளஞ்சேரன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டானாம், முதுகைத் தடவிக் கொடுத்தானாம், பந்து வாங்கி வந்து உருட்டினானாம். அவ்வளவுதான். அது அவன் மேல் ஏறி ஏறிச் சறுக்கி விழுந்தது, உள்ளே போக வழி தெரியவில்லை.

மாதம்மாள் பனியன் கம்பெனியை நினைத்துப் பார்த்தாள். தையல் பிரிந்த துணியை எங்கே வேண்டுமானாலும் ஊசி போட்டுச் சேர்த்துவிட முடியாது, எந்த இடத்தில் நூல் விட்டதோ அந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். "கயிறு முழுசா நீண்டு நிக்குற எடத்துல கழண்டுச்சு" என்றாள். "அங்கதான் சேரணும். ஞாயித்துக்கெழம காலையில கூட்டிட்டு வா. இதக் கையில புடிச்சுக்கிட்டு ஒரு தடவ குதிக்கட்டும். சாமுவேல் சார்கிட்ட நான் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வெயில் வருமுன்னே மாதம்மாள் ஓசூரானைத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு எழுநூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறினாள். மேடைக்கு வந்தால், இளஞ்சேரன் அவளுக்கு முன்பே வந்திருந்தான். பூரணியையும் குழந்தையையும் கீழே டீக்கடையில் விட்டுவிட்டு, படிவழி சுற்று என்று, செங்குத்துப் பாறையைப் பிடித்தே ஏறி வந்திருந்தான். விளிம்பில் நின்றுகொண்டிருந்தான். காலில் ஒன்றும் இல்லை.

"வாங்கக்கா. நேரத்துலயே வந்துட்டீங்க."

"நீங்க அதுக்கும் மேல வந்துட்டீங்களே சார். இருங்க, பட்டை எடுத்தாறேன்."

"வேணாங்க்கா. கயிறு இல்லாம ஒரு தடவ பாக்கலாம்னு இருக்கேன். கயிறு இருக்கறதாலதான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

"கயிறு இல்லாட்டி திரும்ப வர மாட்டீங்க சார்."

"ஆமாக்கா, அது தெரியும்" என்றான் அவன், இன்றைக்குப் பால் வண்டி வராது என்று சொன்னால் ஒப்புக்கொள்வது மாதிரி. "அஞ்சு செகண்டு கெடைக்கும்னு கணக்குப் போட்டேன். அஞ்சு செகண்டுல கண்டிப்பா அது வந்துரும்."

மோட்டார் சாவியோடு வந்த சாமுவேல் மேடைக் கதவருகில் அப்படியே நின்றுவிட்டார். எல்லையில் இருபது வருடம் நின்றவர், சத்தம் வராமல் கயிற்றுப் பெட்டியைத் திறந்து, ஒரு முனையை உத்திரத்தில் மாட்டி, பட்டை இருந்த மறுமுனையைக் காலால் கொஞ்சம் கொஞ்சமாக மாதம்மாளை நோக்கி நகர்த்தினார்.

மாதம்மாளுக்குப் பயந்தவர்களிடம் பேசத் தெரியும். ஆயிரம் பேரிடம் பேசியிருந்தாள். அந்த வார்த்தைகளில் ஒன்றுகூட இவனுக்கு உதவாது என்று தெரிந்தது. துண்டுக்குள் ஓசூரான் மூச்சே விடாமல் விறைத்துப் போயிருந்தது. அவள் நேராக அவன் பக்கத்தில் போய், பஸ்ஸில் இடம் கிடைத்தவரின் மடியில் கைக்குழந்தையைக் கொடுக்கும் பெண்களைப் போல, "சார், இதக் கொஞ்சம் புடிங்க. சீலை அவுந்துக்கிச்சு" என்று நீட்டினாள்.

அவனிடம் பயம்தான் போயிருந்தது, மரியாதை போகவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். மாதம்மாள் குனிந்து, பட்டையை இழுத்து, அவன் கணுக்கால்கள் இரண்டையும் சேர்த்துச் சுற்றி, கொக்கியை மாட்டி, திருகை முறுக்கி, தையல்மேல் கட்டைவிரலை ஓட்டினாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல சார். ஆச்சு."

அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். "ஏமாத்திட்டீங்களேக்கா" என்றான். கோபமே இல்லை. கையில் இருந்ததைக் கீழே வைக்க இடம் தேடினான், கிடைக்கவில்லை, சரி என்று அதையும் கட்டிக்கொண்டே காற்றில் அடியெடுத்து வைத்தான்.

ஒன்று, இரண்டு என்று சாமுவேல் வாய்க்குள் எண்ணினார். மூன்று என்னுமுன் சத்தம் வந்தது. ஒரு வருடமாக அந்தப் பாறையிலிருந்து சிரிப்பையும் விசிலையுமே கேட்டுப் பழகியிருந்த பாறையடிக்காரர்கள், கயிறு முழுதும் நீண்டு நின்ற அந்த இடத்திலிருந்து ஒரு மனிதன் அடிவயிற்றிலிருந்து அலறுவதைக் கேட்டார்கள். காட்டில் இருந்தவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். வீடுகளில், கொட்டகைகளில், கிணற்றடியில் இருந்த பயங்கள் எல்லாம் காதைத் தூக்கிக்கொண்டு, விழுந்த நாளிலிருந்து முதல்முறையாக, நடுக்கத்தை நிறுத்தின. அப்போதுதான் அவற்றுக்குக் கால் நான்கு என்று தெரிந்தது.

கீழே ஒன்றும் விழவில்லை.

இழுத்து மேலே போட்டபோது இளஞ்சேரனின் கைகள் காலியாக இருந்தன. கால்சட்டை நனைந்திருந்தது. மேடைப் பலகையில் குப்புற ஒட்டிக்கொண்டு, மாதம்மாளின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "எறக்குங்கக்கா, என்ன எறக்குங்க" என்றான். எழுப்பினால், "வேணாம், எறக்காதீங்க" என்றான். அவனை நடத்திக் கூட்டிப்போக முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, அடுத்த படிக்கு நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து, முன்னால் சாமுவேலும் பின்னால் மாதம்மாளும் அணைத்துக்கொண்டு வர, அந்தப் படிகளை இறங்க மூன்று மணி நேரம் ஆயிற்று. குதிக்க வந்து வரிசையில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதில் பாதிப்பேர் அவன் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள்.

டீக்கடை வாசலில் பூரணி எழுந்து நின்றாள். குழந்தை ஓடி வந்தது. இளஞ்சேரன் அதன் கையைப் பார்த்தான். இத்தனை நாளாய் அந்த மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அதில் பூ வரைந்ததுகூட அவன்தான். இப்போது தொடப்போன கை தொடாமல் நடுவழியில் நின்றுவிட்டது.

"வலிக்குதா?"

"இப்ப இல்லப்பா."

"நாந்தான..." என்றான். தார் ரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். குழந்தை அவன் முதுகைத் தடவி, "ஒண்ணுமில்ல, சும்மா இரு" என்றது. டவுன் பஸ் வந்து, ஹாரன் அடிக்காமல், அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்து போயிற்று.

சேதி பரவி, அந்த மாதத்திலேயே பலர் தங்கள் பயத்தைக் கேட்டு வந்தார்கள். ஊர்க்காரர்கள் கொடுத்தார்கள், பழக்கவழக்கங்களையும் சொல்லி அனுப்பினார்கள். வராமல் போனவற்றை அவர்களே வைத்துக்கொண்டார்கள். தமயந்தியின் பயம் சால்வையோடு டீக்கடைக்குப் பின்னாலேயே இருந்து, தொட யாரும் இல்லாமல் இளைத்து இளைத்து, ஒரு நாள் சால்வை மட்டும் கிடந்தது. மையத்தில் குதிக்காமல் இறங்கிப் போகிறவர்களுக்கும் ஒரு டீ கொடுக்க வேண்டும் என்று சாமுவேல் ஏற்பாடு செய்தார். மாதம்மாளின் வீட்டில் அடுப்பு பற்றினால் பற்றியது, யாரும் பயப்படவில்லை. இரண்டொரு நாள் அவள் வெறும் ஆட்டுக்கல்லிடம் ஒண்ணுமில்லை என்று சொன்னாள், அப்புறம் விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, முதல் ஆள் வருமுன் அவள் பட்டைகளைப் பிரித்துப் பலகையில் பரப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இளஞ்சேரன்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேங்க்கா. லிப்ட்டுல போறதில்ல, நடந்துதான் ஏர்றேன். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுட்டேன். நேத்து இன்னொரு பூட்டும் போட்டேன். அக்கா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாரமா அது மனசுலயே கெடக்கு, தூக்கம் வரல. அன்னிக்கு நான் நுனியில நின்னப்ப நீங்க எம்பக்கத்துல வந்து நின்னீங்க. குனிஞ்சு கட்டுனீங்க. ஒரு நாளைக்கு நூறு பேருக்கு அதே எடத்துல நின்னு கட்டறீங்க."

"ஆமா சார், வேலைதான."

"உங்களுக்கு என்னக்கா கட்டியிருக்கு?"

"எனக்கா?" என்றாள் மாதம்மாள். குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். சேலை, மேலே மையத்தின் காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. "எனக்கு ஒண்ணும் இல்லீங்களே."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "கட்டிக்கோங்கக்கா" என்றான் அவன். "போன வைக்க மாட்டேன். கட்டிக்கிட்டேன்னு சொல்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்."

அவள் போனைப் பலகையில் வைத்தாள். பரப்பியிருந்ததில் ஒரு இடுப்புப் பட்டையை எடுத்து, வழக்கப்படி தையல்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். இடுப்பில் சுற்றி, கொக்கியை உத்திரத்து வளையத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்தாள். பிடித்தது. அந்த இறுக்கம் வயிற்றில் விழுந்ததும், தினமும் நிற்கும் அதே விளிம்புக்குப் போய், முதல் தடவையாகக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அக்கா?" என்றது போன். "கட்டிட்டீங்களா?"

"கட்டிட்டேன் சார்" என்றாள் மாதம்மாள், மேடையோரக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. "யப்பா. எவ்வளவு ஆழம்."